ரீஃபண்ட் வரும் பருவம்: லிங்க்கைத் தொடாதீர்கள்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருப்பவர்கள் இந்த வாரங்களில் செல்போனுக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதைத் தொடர்ந்து வரும் ஆகஸ்டும் செப்டம்பரும் போலிச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு அறுவடைக் காலம்.

2023 ஆகஸ்டில் நாடு முழுக்கப் பரவிய குறுஞ்செய்தி ஒன்றைப் பாருங்கள். உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுவிட்டது, இந்தக் கணக்கு எண்ணுக்குப் பணம் வரும், எண் தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்க்கில் திருத்துங்கள் என்றது அது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதைப் போலி என்று அறிவித்தது. அதில் இருந்த தந்திரம் இன்னும் பழசாகவில்லை. செய்தியில் இருக்கும் கணக்கு எண் உங்களுடையதாக இருக்காது. “ஐயோ, என் பணம் வேறு யாருக்கோ போய்விடுமே” என்ற பதற்றத்தில் நீங்களே ஓடிப் போய் லிங்க்கைத் திறப்பீர்கள். அங்கே கணக்கு எண், கார்டு எண், கடைசியில் ஓடிபி என்று ஒவ்வொன்றாக உங்கள் கையாலேயே நிரப்பவைப்பார்கள். கணக்கு சரிபார்க்கப்படாததால் ரீஃபண்ட் நின்றுபோவது உண்மையிலேயே நடக்கிற விஷயம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று முன்பு சொல்வார்கள். அந்த அடையாளத்தை இனி நம்பவேண்டாம். பிழையில்லாத தமிழிலேயே, வருமான வரித் துறையின் சின்னத்தோடு மின்னஞ்சல் வருகிறது. பார்க்க வேண்டியது முகவரியைத்தான். துறையின் இணையதளம் ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்’. லிங்க்கின் தொடக்கத்தில் அந்தப் பெயர் இருப்பது மட்டும் போதாது. ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ் டாட் காம்’ என்று ஒரு முகவரி இருந்தால், அது ‘ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ் டாட் காம்’ என்ற பெயரை வாங்கியவருடைய தளம். தொடக்கத்தில் வரும் ‘எச்டிடிபிஎஸ்’ பகுதியையும் அதை ஒட்டிய இரண்டு சாய்கோடுகளையும் விட்டுவிட்டு, அதற்கடுத்து வரும் முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன்னால் முடிகிற பெயர்தான் உரிமையாளர் யார் என்று காட்டும். அது ‘கவ் டாட் இன்’ என்று முடியாவிட்டால் வருமான வரித் துறையின் தளம் அல்ல. வங்கிகளுக்கும் இப்போது ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரி வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.

குறுஞ்செய்தி என்றால் அனுப்பியவர் பெயரின் கடைசியில் கோடு போட்டு ஒரு எழுத்து இருக்கும். ஜி என்றால் அரசு, டி என்றால் பணப் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம். பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து வருமான வரித் துறை பேசுவதாகச் செய்தி வந்தால் அப்போதே அழித்துவிடலாம். ஆனால் அனுப்புநர் பெயரையும் போலியாகக் காட்டும் கருவிகள் உண்டு. எனவே பெயர் சரியாக இருக்கிறது என்பதற்காக லிங்க்கைத் தொடாதீர்கள்.

என்ன செய்தி வந்தாலும் வழி ஒன்றுதான். செய்தியை மூடுங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து தளத்துக்குள் போங்கள், தாக்கல் செய்த கணக்குகள் பகுதியில் ரீஃபண்ட் நிலையைப் பாருங்கள். நோட்டீஸ் என்று வந்தால் அதில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம். அந்த எண் உண்மையா என்று லாகின் செய்யாமலே அதே தளத்தில் சரிபார்க்கலாம். பின் நம்பர், பாஸ்வேர்டு, ஓடிபி ஆகியவற்றை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ துறை கேட்பதே இல்லை. யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, போவதற்குத்தான் தேவை.

வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். போக்குவரத்து அபராதம், மின்கட்டணம், ரீஃபண்ட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் திறக்கக் கூடாது. அதை நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி நீங்கள் படிக்கும் முன்பே அவர்களுக்குப் போய்விடும். தெரியாமல் நிறுவிவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கேயும் கிடக்கின்றன. ஏடிஎம் கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணே போதும்.

பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். திருடிய பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதற்குள் தகவல் போனால் வழியிலேயே அந்தத் தொகையை முடக்க முடியும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிகளின்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தாலும் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். தெரிவிக்கும் வரை போனது உங்களைச் சேரும். வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். ஏமாந்தவரைத் திட்டுவதை வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். திட்டுக்குப் பயந்துதான் பெரியவர்கள் பலர் மறுநாள் வரை வாயைத் திறப்பதில்லை.

நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று தரவேண்டும். அதன் பெயரிலும் இதே வலை விரிக்கப்படும். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுத் தாத்தா என்று ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொருவரிடமும் இன்றே உட்கார்ந்து பேசுங்கள். 1930 என்ற எண்ணை அவர்கள் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.