மிகைபாரமும் உணவுத்தடையும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது அகிம்சை. அதற்குரிய அதிசாரங்கள் ஐந்து என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும் செய்தி. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. வண்டிமாட்டைக் காட்டியே இவற்றை நாம் பெரும்பாலும் விளக்குகிறோம். கற்க வேண்டிய வயதில் ஒரு குழந்தை ஆலையில் உழைப்பதும் மிகைபாரமே அன்றோ?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் உலகில் சுமார் 13.8 கோடிச் சிறார் தொழிலாளராய் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் இத்தொகை சுமார் 24.6 கோடி. பாரம் குறைந்துள்ளது, தீரவில்லை. அதனை இறக்கும் முறையை வங்கதேசத்தின் அனுபவம் நமக்குக் கற்பிக்கிறது.

அந்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் சிறார் பலர் வேலை செய்தனர். அவருள் சிறுமியரே மிகுதி. சிறார் உழைப்பில் விளைந்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதாவை 1992இல் அமெரிக்கச் செனட்டர் டாம் ஹார்கின் கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை. எனினும், வாணிகம் கெடுமென அஞ்சிய உரிமையாளர்கள் பல்லாயிரம் சிறாரை வேலையினின்று நீக்கினர். அவர்களுக்கு மாற்றுவழி எதுவும் அமைக்கப்படவில்லை. கல்லுடைத்தல் முதலிய கொடிய தொழில்களுக்குப் பலர் சென்றனர். நான்காம் அதிசாரத்தை நீக்க முயன்ற செயல் ஐந்தாவதில் போய் முடிந்தது.

இக்குறையைக் களைய 1995 ஜூலையில் ஆலை உரிமையாளர் சங்கமும் அவ்விரு அமைப்புகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. பதினான்கு வயது நிரம்பாதவரைப் புதிதாக அமர்த்தலாகாது. முன்பே உள்ளவரைப் பள்ளியில் இடம் அமைந்த பின்னரே விடுவித்தல் வேண்டும். கற்கும் குழந்தைக்கு மாதம் 300 டாக்கா உதவித்தொகை. அக்குழந்தையின் வேலை குடும்பத்துப் பெரியவருக்கு என்பன அதன் கூறுகள்.

நம் நாட்டிலும் இந்நெறி வகுக்கப்பட்டது. சிவகாசிச் சிறார் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும். குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்ய வேண்டும். இயலாவிடின் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும் என்பதை நாம் அறிவோம். ஆகவே நம் கழனியிலும் கடையிலும் இல்லத்திலும் சிறாரை வேலைக்கு வைத்தல் ஆகாது. வேலை கேட்டு வந்த குழந்தையைத் திருப்பி அனுப்புவதோடு நம் விரதம் நிறைவுறுவதுமில்லை. அக்குடும்பத்தின் பசி தீர ஆகார தானமும், குழந்தையின் படிப்பிற்குச் சாத்திர தானமும் உடன் செல்ல வேண்டும். அவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் அக்குழந்தைக்கு அபயம் உண்டு.