தாய் நாயும் அதன் குட்டிகளும்

நன்றிக்கு இலக்கணமாக நாயைச் சொல்வது நம் வழக்கம். ஆனால் நம்மை அண்டி வாழும் அந்தப் பிராணி தாய்மை அடையும்போது நாம் செய்ய வேண்டிய கடமைகள் யாவை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. இதற்கு இரக்கம் மட்டும் போதாது. அறிவும் அதனுடன் சேர வேண்டும். ஏனெனில் அன்பு மிகுதியால் நாம் செய்யும் சில காரியங்களே குட்டிகளின் உயிருக்கு உலை வைத்துவிடுகின்றன.

சினைக் காலம்

நாயின் சினைக் காலம் ஏறக்குறைய 63 நாட்கள். முதல் ஐந்து வாரங்களுக்கு வழக்கமான உணவே போதும். குட்டிகள் வேகமாக வளர்வது அதன் பிறகுதான். அப்போது வயிற்றில் இடம் குறைவதால் தாயால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. எனவே முட்டை, முள் நீக்கிய மீன், இறைச்சி முதலியவை கலந்த சோற்றைச் சிறிது சிறிதாக நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டும். சுத்தமான நீர் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

எலும்புக்கு வலு என்று எண்ணிச் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நாமாகவே கொடுக்கக் கூடாது. கொடுத்தால், தன் எலும்பிலிருந்து அச்சத்தை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் தாயின் உடலில் மந்தமாகிவிடும். பிறகு பாலூட்டும் நாட்களில் உடல் நடுங்கி வலிப்பு வரக்கூடும்.

குட்டி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே, சந்தடி இல்லாத மூலையில் ஒரு பெட்டியை வைத்து, துவைத்த பழைய துணியை விரித்துப் பழக்க வேண்டும்.

ஈனும் நேரம்

நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். அது 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் குட்டிகள் பிறந்துவிடும். தாய் உணவை மறுக்கும், மூச்சு இரைக்கும், தரையைப் பறண்டும். அப்போது கூட்டம் கூடாமல் ஒதுங்கி நிற்பதே நாம் செய்யும் பேருதவி. குட்டியை மூடியிருக்கும் சவ்வைத் தாயே கிழித்து நக்கிவிடும். அது செய்யாவிட்டால் மட்டும் நாம் உடனே மூக்கருகில் சவ்வைக் கிழித்து, வாயைத் துடைத்து, உலர்ந்த துணியால் குட்டியை நன்கு தேய்த்துவிட வேண்டும்.

அரைமணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிற நீர் வெளிப்பட்டாலோ, தாமதியாமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

பிறந்த குட்டிகள்

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. கண் திறக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். குளிரில் நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் அதற்கு இல்லை. ஆகவே பசியைப் போலவே குளிரும் அதற்கு எமன். குட்டிகளைக் குளிப்பாட்டவே கூடாது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். மறுபக்கம் வெப்பமின்றி இருந்தால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும்.

முதல் நாளில் சுரக்கும் சீம்பால் நோயை எதிர்க்கும் சக்தியைத் தருகிறது. தாயை இழந்த குட்டிக்குப் பசும்பால் ஈடாகாது. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. எனவே மருத்துவர் கூறும் குட்டிகளுக்கான பால்மாவே நல்லது. குளிர்ந்து விறைத்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். குப்புற வைத்தே புகட்ட வேண்டும். தாயில்லாக் குட்டி சிறுநீர் கழிக்க, தாய் நக்குவதைப் போல் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் பூச்சி மருந்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் முதல் தடுப்பூசி, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவர் சொற்படி போட வேண்டும். எட்டு வாரங்களுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. குட்டி தானே என்று விளையாடும்போது பல்லோ நகமோ பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நமது கடமை

பெட்டைக் குட்டி என்றால் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவரும் கொடுமை இன்றும் நடக்கிறது. பெண்ணாய்ப் பிறந்தது அதன் குற்றமா? பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். குட்டிகள் பால் மறந்த பின் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்வதே இதற்கு நேர்மையான வழி.

புனித ஆரோக்கியநாதர் சுரூபத்தின் அருகே, வாயில் ரொட்டியைக் கவ்விய நாய் ஒன்று நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். நோயுற்றுக் கைவிடப்பட்ட மனிதருக்கு ஒரு நாய் உணவு கொண்டு வந்ததாம். அந்தக் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை. நம் தெருவில் ஒரு தாய் நாய் ஒதுங்க இடம் தேடும்போது, ஒரு பழைய சாக்கும் ஒரு சட்டி நீரும் கொடுத்து அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்குவோமாக!