நாட்காட்டியில் நாம் குறிக்க வேண்டிய நாட்கள்





ஆலயக் காரியாலயச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை நாம் தினமும் பார்க்கின்றோம். இராகுகாலம், சுபநேரம், பிரதோஷம், போயா விடுமுறை யாவும் அதில் உண்டு. நம் முன்னோர் பட்ட பாடு மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

ஒரு தேதியின் பெறுமதியை அரச காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருந்தபோதுதான் அறிந்தேன். ஒருநாள் தோட்டத்து மூதாட்டி ஒருவர் அடையாள அட்டை விடயமாக வந்தார். பிறந்த நாளைக் கேட்டேன். “கோயிலுக்குப் பெரிய மணி வந்த வருஷம் ஐயா, கொடி ஏறின வெள்ளிக்கிழமை” என்றார். விண்ணப்பத்தில் அதை எழுத இடமில்லை. பிறகு அந்தத் தோட்டத்துக் கோயிலின் பழைய உபயக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். மணி வாங்கிய செலவும் அந்த ஆண்டும் அதில் எழுதியிருந்தன. அதைக்கொண்டே அவருடைய விண்ணப்பம் நகர்ந்தது. எழுதி வைத்த யாரோ ஒரு தர்மகர்த்தாவை அன்று மனதாரக் கும்பிட்டேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அறநெறிப் பாடசாலை மாணவர் ஒருவர் எழுந்து வாசிக்கத்தக்கதாகச் சில நாட்களை இங்கே தருகின்றேன்.

ஜனவரி 10: 1940ஆம் ஆண்டு இந்நாளில் ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் நீத்தார். இன்று சங்கத்தில் அச்சமின்றிச் சேர்கின்றோம் என்றால் அதற்கு முன்னே சிந்திய இரத்தம் இது.

ஜனவரி 19: 1897இல் சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் கண்டிக்கு வந்து வரவேற்பு ஏற்றார். அன்றிரவு மாத்தளையில் தங்கி, மறுநாள் குதிரை வண்டியில் வடக்கே புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் உடைந்து சில மணிநேரம் வழியில் தாமதிக்க நேர்ந்தது. அந்தத் தம்புள்ளை வழியாகத்தான் நம் பாட்டன் பாட்டிமார் மன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாக வந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 5: 1898இல் அறிஞர் சித்திலெப்பை மறைந்த நாள். 1838இல் கண்டியில் பிறந்த இவர் ஒரு சட்டத்தரணி. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் இவர் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகின்றது. மதம் வேறாயினும் மொழி நமக்குப் பொதுச் சொத்து.

மார்ச் 2: 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற உடன்படிக்கை நாள். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய நாயக்கர் வம்சத்தவர். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 ஜனவரி 30இல் அங்கேயே காலமானார். அவருடைய உறவினரான ஆண்கள் இந்த இராச்சியத்துள் கால் வைக்கலாகாது என்று உடன்படிக்கை விதித்தது. பத்து ஆண்டுகள் கழிவதற்குள் அதே ஆங்கிலேயர் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் திறந்தனர். அதைத் தொடர்ந்து தமிழகத்து ஏழைகளை இம்மலைகளுக்கு அழைத்து வந்தனர். அரசருக்கு மூடிய கதவு கூலிக்குத் திறந்தது.

செப்டெம்பர் 14: 1914இல் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் கவிதையாக்கி உலகறியச் செய்தார். தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார்.

நவம்பர் 15: 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, நம்மவரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே உரிமை வழங்கவும் தீர்மானித்தது. எங்கே போக விருப்பம் என்று அம்மக்களைக் கேட்டு எழுதிய எண்களல்ல அவை. அன்றுமுதல் இங்கேயே வாழ்ந்து உரிமையின்றி எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. சட்டம் வந்து 55 ஆண்டுகள் சென்றபின் கிடைத்தது!

அடியார்களே, இவை பகைமை வளர்ப்பதற்கல்ல. வந்த வழி தெரிந்தவனுக்கே போகும் வழி தெளியும். அதே கடமை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், பாட்டி எந்த லயத்தில் பிறந்தார் என்பதை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எழுதியதை ஆலயக் காரியாலயத்தில் தாருங்கள். உபயக் கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் அதற்கென ஒரு கொப்பியை வைத்திருக்கின்றேன். முதற் பக்கத்தில் என் பாட்டனார் பெயரை எழுதியுள்ளேன். அவர் பிறந்த நாள் என்ற இடம் வெறுமையாகவே உள்ளது. நான் கேட்க நினைத்தபோது சொல்ல எவரும் இருக்கவில்லை. உங்கள் பக்கத்தில் அவ்விடம் வெறுமையாகாதிருக்க அம்பாள் அருள் புரிவாளாக.

சுபம்.