கிளாமருலஸும் 'உப்பு' ஏறுவதும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுரண்டைக் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவரும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்டிரும், சுற்றுப்புற வயல்களில் உச்சி வெயிலில் உழைப்பவரும், இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அர்த்தத்தை அண்டை அயலாரிடம் விசாரிக்கும் காலம் இது. அக்காகிதத்தில் 'ஜி.எஃப்.ஆர்.' என்று காணப்படும் மூன்றெழுத்துக்களுள் முதலாவது, கிளாமருலஸ் என்னும் அதிசூக்ஷ்மமான உறுப்பைக் குறிக்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறையப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. அவை ஒவ்வொன்றின் தலைப்பிலும், நூலுருண்டை போலச் சுருண்டு கிடக்கும் இரத்த நுண்குழாய்களின் தொகுதியே கிளாமருலஸ். 1666-இல் இத்தாலிய வைத்தியர் மால்பிகி இவ்வுருண்டைகளை வர்ணித்தார். 1842-இல் ஆங்கிலேயரான பௌமன், அவற்றைச் சூழ்ந்த கிண்ணம் சிறுநீர்க் குழலின் தொடக்கமே என்று நிரூபித்தார். கிளாமருலஸ்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு நிமிஷத்தில் வடிக்கும் நீரின் அளவே ஜி.எஃப்.ஆர். இதைப் பற்றி நம்மிடையே வழங்கும் சில அபிப்பிராயங்கள் தேகத்துக்கு அபாயம் விளைவிப்பவை.

நம்பிக்கை: சிறுநீரகம் கெட்டதை மட்டும் பிரித்து வெளியே தள்ளுகிறது.

உண்மை: கிளாமருலஸுக்கு நல்லது கெட்டது என்ற பேதம் கிடையாது. இரத்த அழுத்தம் உந்த, இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் தவிர, நீர், உப்புக்கள், சர்க்கரை, யூரியா யாவும் அதன் சுவரைக் கடந்துவிடுகின்றன. இவ்விதம் நாளொன்றுக்கு வடியும் சுமார் 180 லிட்டரில், அடுத்துள்ள நுண்குழல்கள் தேகத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. ஆகவே சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் விடாமல் காணப்படுமாயின், வடிகட்டும் சுவர் பழுதுபடத் தொடங்கியது என்றே கருதவேண்டும்.

நம்பிக்கை: "அண்ணாச்சிக்கு உப்பு ஏறிட்டு" என்றால், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: ஏறியது உப்பன்று; கிரியாட்டினின். அது தசைகளிலிருந்து நித்தியம் உண்டாகி, கிளாமருலஸ் வழியே வெளியேறும் கழிவு. உப்பைக் குறைப்பதால் இரத்த அழுத்தம் தணியும், அதனால் சிறுநீரகத்துக்கும் நன்மை உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் வடிக்கும் சக்தி குன்றியதால் தேங்கிய கிரியாட்டினின் அதனால் மட்டும் இறங்கிவிடாது. மேலும், வடிக்கும் சக்தியில் பாதியளவு போன பின்பும் கிரியாட்டினின் சகஜமான எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும். அதனால்தான் வயதையும் ஆண் பெண் வித்தியாசத்தையும் சேர்த்து ஜி.எஃப்.ஆர். கணக்கிடப்படுகிறது. அது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே இறங்கினால் சிறுநீரகம் செயலிழந்த நிலை.

நம்பிக்கை: சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளே கிட்னியைக் கெடுக்கின்றன, வலி மாத்திரையால் தீங்கில்லை.

உண்மை: இதனால் விளையும் அனர்த்தம் பெரிது. கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமுமே கிளாமருலஸைச் சிதைக்கும் பிரதான காரணங்கள். மாத்திரையை நிறுத்துகிறவர் அந்தச் சிதைவைத் தாமே துரிதப்படுத்துகிறார். சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப மருந்தையும் அளவையும் மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு. மாறாக, இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் முதலியவை, கிளாமருலஸுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயை விரிந்திருக்கச் செய்யும் இயற்கைப் பொருளின் உற்பத்தியைத் தடுத்து, அங்கே செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். வியர்த்து நீர் வற்றிய தேகத்தில் இது இரட்டிப்பு அபாயம்.

நம்பிக்கை: குற்றாலத்தில் குளித்துச் சூடு தணிந்தால், வாழைத்தண்டுச் சாறு குடித்தால், சிறுநீரகம் புதுப்பிக்கப்படும்.

உண்மை: அருவிக் குளியல் மனத்துக்கும் உடம்புக்கும் அளிக்கும் ஆனந்தத்தை யாரும் மறுக்கமாட்டார், ஆயினும் பிறந்த பின் மனிதனுக்குப் புதிய நெஃப்ரான் உண்டாவதில்லை, இழந்தது இழந்ததே. வயலில் உழைப்பவர் தாகத்துக்கேற்பத் தண்ணீர் அருந்துவது அவசியம். ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு, வெயிலும் நீர்வறட்சியும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். ஆனால் நோய் முற்றியவருக்கு அதே தண்ணீர் அளவு மிஞ்சினால் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் தரும். வாழைத்தண்டிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இருதயத்தையே பாதிக்கக்கூடும்.

நம்பிக்கை: சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, இடுப்பு வலியும் இல்லை, ஆகவே பயமில்லை.

உண்மை: கிளாமருலஸ் அழியும்போது வலிப்பதில்லை, சிறுநீரின் அளவும் நெடுங்காலம் குறைவதில்லை. நோயை முன்னதாகக் காட்டக்கூடியவை பரிசோதனைகளே. எனவே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், எவ்வித உபாதையும் தோன்றாவிடினும், வருஷத்துக்கு ஒரு முறையேனும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்; வலி மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் வாங்காதீர்கள்.