தோட்டத்துப் பாதையை டிராக்டர் பிளேடால் சீராக்க: முழுமையான வழிகாட்டி

செம்மண் பாதையைக் கெடுப்பது அதில் தேங்கும் தண்ணீர். தேங்கிய இடம் இளகும், சக்கரம் ஏறியதும் குழியாகும். நடுவில் மேடு, இரு ஓரமும் சரிவு, சரிவின் கீழே வாய்க்கால் என்று பாதையை அமைத்துவிட்டால் போதும். டிராக்டரின் பின்னால் மாட்டும் டெரேசர் பிளேடு ஒன்றே இதற்குப் போதுமானது.

எப்போது இறங்கலாம்?

மழை விட்டு, மண் பதமாக இருக்கும்போது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. முதலில் பாதையை நடந்து பாருங்கள். குறுக்கே போகும் சொட்டுநீர்க் குழாய்க்கும் மோட்டார் கேபிளுக்கும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

பிளேடைத் திருத்துதல்

கோணம்: பின்னைக் கழற்றி, வலது முனை முன்னால் வரும்படி சுமார் 30 டிகிரி திருப்புங்கள். வெட்டிய மண் இடப்பக்கம் உருண்டு போகும்.

சாய்வு: வலது லிஃப்ட் கையின் திருகைச் சுற்றி வலது முனையைத் தாழ்த்துங்கள்.

டாப் லிங்க்: நீட்டினால் வெட்டுமுனை முன்னே வந்து மண்ணைக் கடிக்கும். குறுக்கினால் கடி குறைந்து, மண்ணை நிரவும்.

இனி எப்போதும் பாதையின் வலது ஓரத்திலேயே ஓட்டுங்கள். திரும்பி வரும்போது எதிர் ஓரம் உங்களுக்கு வலதாகிவிடும். பிளேடை மாற்றவே வேண்டாம். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது கொஞ்ச நேரம் உறுத்தும்.

முதலில் வாய்க்கால்

பிளேடின் வலது முனையை நன்றாகத் தாழ்த்தி, ஒரு நடைக்கு இரண்டு மூன்று அங்குலம் மட்டும் வெட்டுங்கள். ஆழம் பல நடைகளில் வரட்டும். புல்வேர்க் கட்டிகளைப் பாதையில் விடாமல் அப்புறப்படுத்துங்கள். அவை மட்கினால் அங்கே பள்ளம் விழும். வலது சக்கரம் இறங்கி வண்டி சாய்கிறதென்றால் நிறுத்திவிடுங்கள். மீதியை மண்வெட்டி பார்த்துக்கொள்ளும்.

பிறகு பாதை

குழியில் மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். குழியின் அடிமட்டம் வரை சுற்றுப்புறத்தையும் வெட்டி, பிறகு பரப்ப வேண்டும். 12 அடிப் பாதைக்கு, ஓரத்தைவிட நடு மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் தண்ணீர் ஓடிவிடும்.

அலை விழுவது ஏன்?

புதியவர்கள் ஓட்டிய பாதை அலை அலையாக இருக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் பிளேடு தாழ்ந்து ஆழமாக வெட்டும். பள்ளத்தில் இறங்கினால் பிளேடு எழும்பும். இருந்த மேடுபள்ளத்தையே டிராக்டர் இடம் மாற்றி வைத்துவிடுகிறது. ஹைட்ராலிக் லீவரைப் பதறி ஏற்றி இறக்கினால் அலை இன்னும் பெரிதாகும். தாழ்ந்த கியரில் நடைவேகத்தில் போய், லீவரை மயிரிழை அளவுக்கே நகர்த்துங்கள். கோணம் வைத்த பிளேடு அலையை ஓரளவு அடக்கும். மேட்டை ஒரே நடையில் தீர்க்க நினைக்காமல், நடைக்குக் கொஞ்சமாகச் சீவுங்கள்.

முடிக்கும்போது

பாரம் ஏற்றிய டிரெய்லரை முன்னும் பின்னும் ஓட்டி மண்ணை இறுக்குங்கள். வண்டியை நிறுத்தினால் பிளேடைத் தரையில் இறக்கி வையுங்கள். தூக்கிய பிளேடின் கீழே யாரும் கை வைக்கக் கூடாது. அடுத்த மழையில் குடையோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கே இன்னொரு நடை.