மனக்கணக்கும் கால் அரைக் கணக்கும்

சந்தையில் தராசின் முன் நிற்கும் உழவருக்குத் தாளும் எழுதுகோலும் எடுக்க அவகாசம் இராது. கணக்கு மனத்தில் ஓடாவிடில் நட்டம் அவருக்கே. இத்திறனை ஆறேழு வயதிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம்.

எட்டுடன் ஏழைக் கூட்டச் சொன்னால் பிள்ளை விரல்விட்டு எண்ணும். அதைக் கண்டிக்க வேண்டியதில்லை. புளியங்கொட்டைகளை எட்டாகவும் ஏழாகவும் இரு குவியல் வைத்து, ஏழிலிருந்து இரண்டை எட்டுடன் சேர்க்கச் சொல்லுங்கள். பத்தும் ஐந்தும் 15 என்பது தானே விளங்கும். ஒன்பது ஆறு எத்தனை? பத்து ஆறு அறுபது. ஓர் ஆறு குறைய 54. வாய்பாடு வேண்டாம் என்பதன்று. மறந்தபோது மீட்க இது வழி.

பிள்ளைகள் பெரிதும் இடறுவது பின்னத்தில்தான். இரண்டைவிட நான்கு பெரிதாகையால் 1/2-ஐவிட 1/4 பெரிது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். எழுதிக் காட்டுமுன் ஒரு தோசையை இருவருக்கும், மற்றொன்றை நால்வருக்கும் பங்கிட்டுக் காட்டுதல் நன்று. தமிழில் பெயரே வழி சொல்கிறது: முக்கால் என்பது மூன்று கால், அரைக்கால் என்பது காலில் பாதி, அதாவது 1/8. 1957-இல் நயா பைசா வந்தபின் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு மறைந்தது. காலும் அரையும் மறையவில்லை.

கத்தரிக்காய் கிலோ 36 ரூபாயானால் முக்கால் கிலோ என்ன விலை? அரைக்கு 18, காலுக்கு 9, ஆக 27. வீட்டில் நாள்தோறும் இத்தகைய கேள்வி ஒன்று போதும். விடை வந்ததும் "எப்படிக் கண்டாய்?" என்றும் கேளுங்கள், பிள்ளை எங்கே இடறிற்று என்பது அப்போதுதான் தெரியும். பள்ளியைப் பார்வையிடும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் கட்டடத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் இவ்வாறு ஒரு கணக்குக் கேட்கலாம்.