பன்னிரண்டு கேப்டன்கள், ஒரு மேசை: பெரிய விண்கப்பல் போரை நடத்துவது எப்படி?

ரெண்டு பேர் விளையாடுற மினியேச்சர் விண்கப்பல் சண்டைக்கு ஒரு மேசை, பத்து குட்டிக் கப்பல், ஒரு கைப்பிடி பகடை போதும். அதையே பன்னிரண்டு பேர் சேர்ந்து விளையாடணும்னா? "இன்னும் பத்து நாற்காலி போட்டா முடிஞ்சது"ன்னுதான் முதல்ல தோணும். பெரும்பாலான பெரிய கேம்கள் அங்கதான் படுத்துடுது. முதல் மணி நேரம் ஒரே ஆரவாரம். ரெண்டாவது மணி நேரத்துல மேசை ஓரமா நிக்கிற ஃபர்ஸ்ட் இயர் பையன் ஃபோனை எடுத்துடுவான். மூணாவது மணி நேரத்துல "மெஸ் மூடிடுவாங்க"ன்னு ஒருத்தர் கிளம்புவார், கூடவே நாலு பேர். சண்டை அப்போதான் சூடு பிடிச்சிருக்கும்.

ரூல்ஸ் மோசம்ங்கறது இதுக்குக் காரணமில்ல. ஒருத்தர் ஆடும்போது பதினொரு பேர் காத்திருக்காங்க, அவ்வளவுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டர்ன்ல ஒரு ஆளுக்கு 5 நிமிஷ வேலைன்னு வெச்சுக்குவோம்: யோசிச்சு முடிவெடுக்க 2, கப்பலை நகர்த்த 1, சுட 2. பன்னிரண்டு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஆடினா ஒரு டர்னுக்கு 60 நிமிஷம். மூணு மணி நேர நிகழ்ச்சியில மூணே டர்ன். அதாவது வந்த ஒவ்வொருத்தரும் 15 நிமிஷம் விளையாடிட்டு, 2 மணி 45 நிமிஷம் வேடிக்கை பார்த்திருக்காங்க. ஞாயிற்றுக்கிழமையை உங்களை நம்பிக் கொடுத்தவங்களுக்கு இது நியாயமில்ல.

இந்தப் பிரச்சினையை நீங்க வேற இடத்துல பார்த்திருப்பீங்க. ஒரு புரோகிராமை நிறைய பிராசசர்ல பிரிச்சு ஓட்டினா எவ்வளவு வேகம் கிடைக்கும்னு ஜீன் ஆம்டால் 1967ல் சொன்ன வாதம் கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் பேப்பர்ல வரும். பிரிக்க முடியாம வரிசையாத்தான் ஓடணும்ங்கற பகுதி எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் உச்சவரம்பு. மேசையிலயும் அதே கதைதான். எல்லாரும் ஒரே நேரத்துல யோசிச்சு எழுதினா 24 நிமிஷம் 2 ஆகிடும். ஒரே நேரத்துல நகர்த்தினா 12 நிமிஷம் 1 ஆகிடும். ஆனா சுடுறதை மட்டும் வரிசையாவே விட்டீங்கன்னா அதுக்கு 24 நிமிஷம் போகும். மற்றதையெல்லாம் மின்னல் வேகத்துல முடிச்சாலும் டர்ன் 24 நிமிஷத்துக்குக் கீழ இறங்காது. 60க்கு 24, அதாவது ரெண்டரை மடங்கு வேகம். அதோட சரி.

அதனால பெரிய கேம் நடத்துறவரோட வேலை, வரிசையா நடக்குறதையெல்லாம் தேடிப் பிடிச்சு உடைக்கிறதுதான். பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிறது, பேக்ரவுண்ட் மியூசிக் எல்லாம் அப்புறம்.

எந்த ரூல்ஸ்?

முதல் உடைப்பு, ரூல்ஸ் தேர்வு. 1979ல் வந்த 'ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்' ஒரு டர்னை 32 துண்டாப் பிரிக்கும். ரெண்டு பேருக்கு அது அருமையான மூளைவேலை, பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தா விடிஞ்சிடும். 1999ல் வந்த 'பேட்டில்ஃப்ளீட் காத்திக்'ல ஒரு தரப்பு முழுசா ஆடி முடிச்சப்புறம்தான் அடுத்த தரப்பு. டீம்ல ஆறு பேரும் சேர்ந்து நகர்த்தலாம்ங்கறது நல்லதுதான். ஆனா எதிர் டீம் ஆறு பேரும் அந்த நேரம் முழுக்க சும்மா நிக்கணும். 2012ல் வந்த 'எக்ஸ்-விங்'ல எல்லாரும் ரகசியமா ஒரு டயலைத் திருப்பி வெச்சு நகர்வை முடிவு பண்றாங்க. பிரமாதமான யோசனை. ஆனா கப்பல்கள் பைலட் திறமை எண்படி ஒவ்வொண்ணாத்தான் நகரும்.

என் ஓட்டு 'ஃபுல் திரஸ்ட்'டுக்கு. பிரிட்டன்காரர் ஜான் டஃப்லி எழுதி, 'கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ்' 1990களின் தொடக்கத்துல வெளியிட்டது. இதுல எல்லாரும் தங்களோட கப்பலுக்கான ஆர்டரை ஒரே நேரத்துல, ரகசியமா பேப்பர்ல எழுதுறாங்க. அப்புறம் எல்லாக் கப்பலும் எழுதினபடி நகருது. எழுதினது எழுதினதுதான், மாத்த முடியாது.

திசை கடிகாரம் மாதிரி 12 பங்கு, ஒரு பங்கு 30 டிகிரி. ஒவ்வொரு கப்பலுக்கும் இப்போதைய வேகம் ஒண்ணு, திரஸ்ட் எண் ஒண்ணு. திரஸ்ட்ல பாதி வரைக்கும்தான் திரும்பப் பயன்படுத்தலாம். உங்க கப்பல் 8ல் போகுது, திரஸ்ட் 4 என்றால் "இ2 +2"ன்னு எழுதலாம்: இடதுபக்கம் ரெண்டு பங்கு திரும்பு, வேகத்தை ரெண்டு கூட்டு. புது வேகம் 10. முதல்ல ஒரு பங்கு திரும்பி 5, இன்னொரு பங்கு திரும்பி 5. இவ்வளவுதான் நகர்வு. பத்து நிமிஷத்துல புதுசா வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்துடலாம். பெரிய கேமுக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

எழுத ரெண்டு நிமிஷம், கண்டிப்பா டைமர் வைங்க. நேரத்துக்குள்ள எழுதாதவரோட கப்பல் அதே திசையில அதே வேகத்துல போகும். யாரும் உங்ககிட்ட சண்டைக்கு வர முடியாது, தீர்ப்பு நியூட்டனோடது.

நகர்த்தும்போது எல்லாரும் ஒரே நேரத்துல கையை நீட்டுவாங்க, அதனால எதிர் டீம்ல பக்கத்துல இருக்கிறவரை ஜோடியாப் போடுங்க. நான் நகர்த்தும்போது நீங்க என் ஆர்டர் சீட்டைப் படிக்கணும், அப்புறம் மாத்தி. ஏமாத்துறதைத் தடுக்கத்தான்னு நினைக்காதீங்க. இடது-வலது குழப்பம்தான் நிறைய வரும்.

சுடும் நேரம்

கஷ்டமான பகுதி இதுதான், இங்கதான் புத்தகத்தை மீறச் சொல்றேன். ஃபுல் திரஸ்ட்ல ரெண்டு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு கப்பலாச் சுடணும், சேதம் உடனே அமலுக்கு வரும். அடி வாங்குறதுக்கு முன்னாடி எந்தக் கப்பலைச் சுட வைக்கிறதுங்கறதுல ஒரு சுவாரசியம் இருக்கு. ஆனா பன்னிரண்டு பேர் இருக்கும்போது அந்த சுவாரசியத்துக்கு விலை 24 நிமிஷம்.

மேசையை மூணு பகுதியாப் பிரிங்க, பகுதிக்கு ஒரு அம்பயர். மூணு இடத்துலயும் ஒரே நேரத்துல சுடட்டும். சேதத்தை எல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டு டர்ன் கடைசியில மொத்தமா அமல்படுத்துங்க. யார் முதல்ல சுட்டாங்கங்கற கேள்வியே எழாது, செத்துக்கிட்டிருக்கிற கப்பலும் கடைசியா ஒரு தடவை சுட்டுட்டுத்தான் போகும். 24 நிமிஷம் 8 ஆச்சு. மொத்தம் 11. மனுஷங்க பேசுவாங்க, சிரிப்பாங்க, பகடை மேசைக்கு அடியில உருண்டு ஓடும், அதனால 15ன்னு வெச்சுக்கங்க.

ஒரு பகுதியில இருக்கிற கப்பல் இன்னொரு பகுதியில இருக்கிறதைச் சுட்டா? அடி வாங்குற கப்பல் எங்க இருக்கோ அந்த அம்பயர்தான் பார்க்கணும். இந்த ஒரு வரியை முன்னாடியே சொல்லலைன்னா, ஒரே சேதத்தை ரெண்டு அம்பயரும் குறிச்சு வைப்பாங்க, இல்ல ரெண்டு பேருமே விட்டுடுவாங்க. ஆபரேட்டிங் சிஸ்டம் படிச்சவங்களுக்கு இந்த நோய் என்னன்னு தெரியும்.

பகடைக் கணக்கும் எளிசு. அடிப்படை ரூல்ல பீம் ஆயுதத்தோட ஒவ்வொரு பகடைக்கும் 1, 2, 3 விழுந்தா ஒண்ணுமில்ல, 4 அல்லது 5 விழுந்தா ஒரு சேதம், 6 விழுந்தா ரெண்டு. ஒரு பகடைக்கு சராசரி 4/6, அதாவது சுமார் 0.67. பத்து பகடை போட்டா ஆறேழு சேதம் எதிர்பார்க்கலாம். கேமுக்கு எவ்வளவு பெரிய கப்பல் கொடுக்கணும்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். மூணாவது டர்ன்லயே எல்லாரும் வெடிச்சா நிகழ்ச்சி அம்போ, எட்டாவது டர்ன் வரைக்கும் யாருமே வெடிக்கலைன்னா தூக்கம் வரும். ஃபைட்டர் கூட்டங்களையும் ஏவுகணைகளையும் முதல் கேம்ல தூக்கிடுங்க. படத்துல அழகா இருக்கும், மேசையில ஒவ்வொரு கூட்டமும் தனிக் கப்பல் அளவுக்கு நேரம் தின்னும். ஆளுக்கு ரெண்டு கப்பல் போதும்.

இந்த யோசனை புதுசு இல்ல. 1930கள்ல நியூயார்க்குல ஃபிளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர் கடற்படைப் போர் விளையாட்டு ஒண்ணு நடத்தினார். மரத்துல செதுக்கின குட்டிப் போர்க்கப்பல்களைத் தரையில பரப்பி விளையாடுவாங்க. ஆள் கூடினதும் வீடு பத்தாம நடன அரங்கத்துக்குப் போயிட்டாங்க. அங்க கேப்டன்கள் சுடும் திசைக்கு ஒரு அம்புக்குறி வெச்சு, தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டுப் பேப்பர்ல எழுதிடுவாங்க. அப்புறம் அம்பயர்கள் டேப் பிடிச்சு அளந்து, குண்டு எங்க விழுந்ததுன்னு சொல்வாங்க. கேப்டன் வேலை முழுக்க ஒரே நேரத்துல, அளக்குறது தனி ஆள் பொறுப்பு. நம்ம மூணு அம்பயர் ஏற்பாட்டுக்கு அவங்கதான் தாத்தா.

அட்மிரல், செத்தவங்க, மேசை

டீமுக்கு ஒரு அட்மிரல் வைங்க, ஆனா அவருக்குக் கப்பல் கொடுக்காதீங்க. கப்பல் இருந்தா தன் கப்பலைத்தான் பார்ப்பார். ஆர்டர் எழுதுற ரெண்டு நிமிஷத்துல கேப்டன்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது. அட்மிரல் மட்டும் டர்னுக்கு மூணு துண்டுச் சீட்டு அனுப்பலாம், சீட்டுக்கு ஐந்து வார்த்தை. இதை வெறும் கெடுபிடின்னு நினைக்கலாம். ஆனா பேச விட்டீங்கன்னா நல்லா விளையாடத் தெரிஞ்ச ஒரு சீனியர் ஆறு பேர் ஆர்டரையும் அவரே சொல்லிடுவார், மீதி அஞ்சு பேர் அவருக்கு கிளார்க். சீட்டு முறையில புதுசா வந்த பெண்ணோ பையனோ தானே முடிவெடுத்தாகணும். தப்பாவே முடிவெடுத்தாலும் அது அவங்களோட கப்பல்.

கப்பல் வெடிச்சவங்களை வீட்டுக்கு அனுப்பாதீங்க. ஆளுக்கு ஒரு சின்னக் கப்பல் ரிசர்வ்ல இருக்கட்டும். ரெண்டு கப்பலும் போனவங்க அடுத்த டர்ன்ல தங்கள் தரப்பு ஓரத்துலேர்ந்து அதோட உள்ள வரலாம். அதுவும் போச்சுன்னா உதவி அம்பயர். அந்த நேரத்துல உங்களுக்கு டேப் பிடிக்க ஒரு கை நிச்சயம் தேவைப்படும்.

வெறுமனே "அடிச்சுக்கங்க"ன்னு விட்டா எல்லாக் கப்பலும் நடுவுல ஒரே குவியலா வந்து நிக்கும், மூணு பகுதியில ரெண்டு காலி, ஒரு அம்பயருக்கு மட்டும் வேலை. அதனால மூணு பகுதியிலயும் ஆளுக்கொரு காரணம் வைங்க: இங்க ஒரு கோள், அங்க ஒரு சரக்குக் கப்பல் வரிசை, கடைசியில பழுதான ஒரு நிலையம். வேலையைச் சமமாப் பிரிக்கிறதுன்னா இதுதான்.

மேசை அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கை எட்டணும். நீளம் எவ்வளவு வேணும்னாலும் போகலாம், செமினார் ஹால் மேசைகளை வரிசையாச் சேர்த்து மேல கறுப்புத் துணி போட்டா விண்வெளி ரெடி. இடம் குறைவா? அளவுகளை இஞ்ச்சுக்குப் பதிலா சென்டிமீட்டர்ல எடுத்துக்கங்க, அதே மேசை ரெண்டரை மடங்கு நீளமாயிடும். அளக்க டெய்லர் டேப்தான் சரி, ஸ்டீல் டேப் மடங்கி வந்து கப்பல்களைத் தட்டி விடும். கப்பல் விவரத் தாளை பிளாஸ்டிக் கவர்ல போட்டு மார்க்கர்ல குறிச்சா, துடைச்சுட்டு அடுத்த தடவையும் பயன்படுத்தலாம். கப்பலுக்குப் பாட்டில் மூடியும் பழைய பேனா உடம்பும் போதும். ஆனா மூக்கு எந்தப் பக்கம்னு மூணு அடி தள்ளி நின்னு பார்த்தாலும் தெரியணும்.

நடத்துறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நாலு பேரை வெச்சு ரெண்டு டர்ன் ஓட்டிப் பாருங்க, ஸ்டாப்வாட்சோட. எழுத, நகர்த்த, சுட, சேதம் குறிக்க ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ஆச்சுன்னு தனித்தனியா எழுதுங்க. எது நீளமா இருக்கோ அதுல கை வைங்க. மேல நான் சொன்ன 2, 1, 2 எல்லாம் கணக்குக்காக எடுத்த எண்கள், உங்க கூட்டத்துக்கு வேற வரும்.

3 மணி நேரத்துல விளக்கத்துக்கு 20 நிமிஷம், முடிவுக் கணக்குக்கு 10 நிமிஷம் போக, 150 நிமிஷம் மிச்சம். டர்னுக்கு 15 என்றால் பத்து டர்ன். ஆனா "பத்தாவதுதான் கடைசி"ன்னு அறிவிச்சுடாதீங்க. அறிவிச்சா கடைசி டர்ன்ல எல்லாரும் கப்பலைப் பற்றிக் கவலையே இல்லாம மோதுவாங்க. எட்டாவது டர்ன் முடிஞ்சதும் ஒரு பகடை உருட்டுங்க, 1 விழுந்தா அங்கேயே போர் முடிஞ்சது. ஒன்பதாவது முடிஞ்சதும் 1, 2, 3 விழுந்தா முடிஞ்சது. அதுவும் தப்பினா பத்தாவதோட நிறுத்திடுங்க. அந்தப் பகடையை எதிரெதிர் அட்மிரல்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சு உருட்டச் சொல்லுங்க, ஹால் முழுக்க மேசையைச் சுத்தி வந்து நிக்கும்.